பெரிய கோவிலைவிட உயரம் குறைந்த கட்டடம் எப்படி ‘முதல் வானளாவிய கட்டடம்’ ஆனது?

மூன்றாம் வகுப்பு படிக்கும் உங்கள் மகளின் பொது அறிவுப் புத்தகத்தில், உலகின் முதல் வானளாவிய கட்டடம் சிகாகோவில் 1885இல் முடிந்த ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம், 10 மாடி என்று போட்டிருக்கிறது. “பத்து மாடிதானா? தஞ்சாவூர் பெரிய கோவில் அதைவிட உயரமாச்சே, அதுவும் ஆயிரம் வருஷம் முந்தினதாச்சே” என்று அவள் கேட்டிருக்கிறாள். என்ன பதில் சொல்வது என்று நீங்கள் இங்கே கேட்டிருக்கிறீர்கள். கூடவே, நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ஒரே வருஷத்தில் கட்டினார்களாமே, நிஜமா என்றும் ஒரு கேள்வி. குழந்தை உண்மையில் கேட்பது, எதை வைத்து ஒன்றை முதல் என்று சொல்கிறார்கள் என்பதைத்தான். நான் கட்டமைப்புப் பொறியாளர். தூணும் உத்தரமும் எவ்வளவு சுமை தாங்கும் என்று கணக்குப் போடுவதுதான் பல வருஷமாக என் தொழில். பள்ளிக் குழந்தைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லியும் பழக்கம். கட்டடம் நிற்கிற விதம் எனக்குத் தொழிலில் தெரிந்தது; அமெரிக்க வரலாறு படித்துத் தெரிந்தது. ஆகவே எது உறுதி, எது செவிவழிக் கதை என்று பிரித்தே சொல்கிறேன்.

உங்கள் மகளின் சந்தேகம் நியாயமானது. ராஜராஜ சோழன் 1010இல் கட்டி முடித்த பெரிய கோவில் விமானம் ஏறத்தாழ 200 அடி உயரம். ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடம் 138 அடிதான். அது எழும்பிக்கொண்டிருந்த அதே நேரத்தில், 1884 டிசம்பரில், அமெரிக்கத் தலைநகரில் வாஷிங்டன் நினைவுத் தூணைக் கல்லாலேயே 555 அடிக்குக் கட்டி முடித்துவிட்டார்கள். சிகாகோ கட்டடத்தைப் போல நான்கு மடங்கு உயரம். ஆக, இது அடிக்கோல் வைத்து அளந்து கொடுத்த பட்டம் இல்லை. குழந்தையிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: விமானத்தின் உச்சிக்குப் பக்கத்தில் எத்தனை பேர் மேசை நாற்காலி போட்டு உட்கார முடியும்? ஒருவரும் முடியாது. உள்ளே கூடாக இருக்கும், மேலே போகப் போகக் குறுகும். அது மனிதர்கள் புழங்குவதற்காகக் கட்டியதல்ல. வாஷிங்டன் தூணும் அப்படித்தான். அதன் அடிச்சுவர் 15 அடி கனம். ஆனால் மாடிமேல் மாடியாக நூற்றுக்கணக்கானவர்கள் தினமும் ஏறி இறங்கி வேலை பார்க்க வேண்டும், ஒவ்வொரு மாடிக்கும் ஜன்னலும் வெளிச்சமும் வேண்டும் என்றால் பத்து மாடியே பெரிய காரியம். அதற்கு இரண்டு தடைகளைத் தாண்ட வேண்டியிருந்தது. ஒன்று மனிதனின் கால், இன்னொன்று சுவர்.

காலைப் பற்றிச் சொன்னால் குழந்தைகளுக்கு உடனே புரியும். தினமும் ஆறு மாடி படியேறி யார் வேலைக்குப் போவார்கள்? அதனால் அந்தக் காலத்து நகரங்களில் கட்டடங்கள் ஐந்து, ஆறு மாடியோடு நின்றன. மேலே போகப் போக வாடகையும் குறைந்தது. சாமான் தூக்குகிற லிஃப்ட் முன்பே இருந்தது. ஆனால் கயிறு அறுந்தால் தட்டு அப்படியே கீழே விழும். மனிதர்கள் அதில் ஏறப் பயந்தார்கள். இங்கேதான் எலிஷா ஓடிஸ் வருகிறார். லிஃப்டைக் கண்டுபிடித்தவர் ஓடிஸ் என்று பல புத்தகங்களில் எழுதுகிறார்கள், அது தவறு. கயிறு அறுந்தாலும் லிஃப்ட் விழாமல் பிடித்துக்கொள்ளும் பிரேக்தான் அவர் கண்டுபிடித்தது. 1854இல் நியூயார்க்கில் நடந்த பெரிய கண்காட்சியில், எல்லோரும் பார்க்க, உயரத் தூக்கிய தட்டின்மேல் அவரே நின்றுகொண்டு கயிற்றை வெட்டச் சொன்னார். தட்டு கொஞ்சம் இறங்கி அப்படியே நின்றுவிட்டது. சூட்சுமம் எளிமையானது. தட்டின் மேலே வளைந்த ஒரு வில் பட்டை. கயிறு இழுத்துப் பிடித்திருக்கும்வரை அது மடங்கியே இருக்கும். கயிறு அறுந்ததும் விரிந்து, இருபக்கமும் உள்ள பல் வைத்த தண்டவாளத்தில் போய் மாட்டிக்கொள்ளும். பள்ளியில் நான் இதைச் சொன்னால் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, “அவருக்குப் பயமா இல்லையா?” என்பதுதான். பிரேக் வேலை செய்யும் என்று தெரிந்துதானே ஏறினார் என்பேன்.

1857இல் நியூயார்க்கின் பிராட்வேயில் பீங்கான், கண்ணாடிப் பாத்திரங்கள் விற்ற ஐந்து மாடிக் கடை ஒன்றில், ஆட்கள் ஏறும் லிஃப்டை ஓடிஸ் நிறுவினார். நீராவி இயந்திரத்தில் ஓடியது. 1870இல் அதே ஊரில் ஈக்விடபிள் என்ற காப்பீட்டு நிறுவனம் தன் அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் வைத்தது. அதற்குப் பிறகு வாடகைக் கணக்கே தலைகீழானது. யாரும் போக விரும்பாத மேல்மாடி, காற்றும் வெளிச்சமும் உள்ள, தெருச் சத்தம் எட்டாத இடமாக மாறி, அதற்குத்தான் கூடுதல் பணம் கொடுக்க ஆள் வந்தது. லிஃப்ட் வராமல் மீதிக் கதை எதுவும் நடந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம். குழந்தைகளுக்கான புத்தகங்கள் எஃகைப் பற்றி நிறைய எழுதிவிட்டு லிஃப்டை ஒரு வரியில் தாண்டிப் போவது எனக்கு வருத்தம்.

அடுத்தது சுவர். செங்கல் கட்டடத்தில் சுவர்தான் சுமை தாங்கி. பத்தாவது மாடியின் எடை ஒன்பதாவது மாடிச் சுவரில் இறங்கும், இரண்டும் சேர்ந்து எட்டாவதில் இறங்கும், இப்படியே கீழே வரும். தரைத்தளச் சுவர் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும். உங்கள் மகளின் உள்ளங்கையை மேசைமேல் விரித்து வைக்கச் சொல்லி, அதன்மேல் ஒவ்வொரு நோட்டாக அடுக்குங்கள். கீழே இருக்கிற கைக்கு என்ன நடக்கிறது என்று அவளே சொல்வாள். ஆகவே உயரம் கூடக் கூட அடிச்சுவர் கனத்துக்கொண்டே போக வேண்டும். இதற்குச் சிகாகோவிலேயே இன்றும் நிற்கிற சாட்சி மொனாட்னாக் கட்டடம். 1891இல் முடிந்த அதன் வடக்குப் பாதி 16 மாடி. சுமை தாங்குவது செங்கல் சுவர். அடியில் அது 6 அடி கனம். அவ்வளவு கனமான சுவரில் ஜன்னல் வைத்தால் குகை மாதிரி ஆகிவிடும். அதிக வாடகை தரக்கூடிய தரைத்தளத்தில் கணிசமான இடத்தைச் சுவரே தின்றுவிடும். போதாததற்கு, சிகாகோவின் மண் இளகிய களிமண். அந்தக் கட்டடம் கட்டியவர்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே அதில் இறங்கியது.

இதற்கு விடையை நம் ஊர்க் குழந்தைகளுக்குச் சொல்ல ஒரு கல்யாணப் பந்தல் போதும். பந்தலைத் தாங்குவது மூங்கில் கால்களும் குறுக்கே கட்டிய கழிகளும். பக்கத்தில் கட்டியிருக்கிற கீற்றையோ துணியையோ அவிழ்த்துவிட்டாலும் பந்தல் நிற்கும். அது மறைப்புத்தான், தாங்குவதில்லை. சிகாகோக்காரர்கள் செய்ததும் அதுவே. இரும்பில் தூணும் உத்தரமுமாக ஒரு சட்டகம் எழுப்பி, சுமை முழுவதையும் அதன் தலையில் ஏற்றிவிட்டார்கள். வெளிச்சுவர் வெயில், மழை, காற்றைத் தடுக்கிற வேலையோடு நின்றுகொண்டது. அப்படியானால் சுவர் மெல்லியதாக இருக்கலாம், எவ்வளவு பெரிய ஜன்னலும் வைக்கலாம், தரைத்தளமும் மிச்சம். இரும்பிலும் ஒரு வித்தியாசம் உண்டு. வார்ப்பிரும்பு அமுக்கினால் தாங்கும். வளைத்தால் பட்டென்று முறியும். உத்தரம் எப்போதும் வளைவுக்கு உட்படுவது, அதற்கு எஃகு வேண்டும். எஃகு வெகுகாலம் விலை அதிகமான பொருளாக இருந்தது. உருக்கிய இரும்புக்குள் காற்றை ஊதி எஃகாக்கும் முறையை 1856இல் ஹென்றி பெஸ்ஸமர் என்ற ஆங்கிலேயர் அறிவித்த பிறகுதான் அது மலிவானது. முதலில் ரயில் தண்டவாளத்துக்குப் போனது, பிறகு கட்டடத்துக்கு வந்தது.

சரி, ஏன் சிகாகோ? எல்லாப் புத்தகமும் 1871 அக்டோபரில் அங்கே நடந்த பெருந்தீயைச் சொல்லும். தீ நடந்தது உறுதி. சுமார் 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடிழந்தார்கள், நகரின் மையம் சாம்பலானது. ஓலியரி என்ற அம்மாவின் மாட்டுத் தொழுவத்தருகே தீ தொடங்கியது. ஆனால் மாடு விளக்கை உதைத்துத்தான் பற்றியது என்பதற்கு ஆதாரம் இல்லை. அந்த அம்மா மேலும் மாட்டின் மேலும் பழி இல்லை என்று சிகாகோ நகர மன்றமே 1997இல் தீர்மானம் போட்டது. குழந்தை இந்த மாட்டுக் கதையை எங்காவது படித்துவிடும் என்பதால் சொல்லி வைக்கிறேன். தீயால்தான் வானளாவிய கட்டடம் பிறந்தது என்ற வரியிலும் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. எரிந்த உடனே அவர்கள் திரும்பக் கட்டியது பழைய மாதிரி நான்கைந்து மாடிக் கட்டடங்களைத்தான். பிறகு 1873இல் பெரிய பொருளாதார நெருக்கடி. உயரக் கட்டடங்கள் வந்தது 1880களில். தீ கற்றுக்கொடுத்த பாடம் வேறு: மரம் எரியும் என்பது போக, மூடாமல் விட்ட இரும்பும் நெருப்பில் இளகி வளையும், விரிசல் விடும். அதனால் இரும்புத் தூண்களைச் சுட்ட மண் ஓடுகளால் போர்த்தும் வழக்கம் அங்கே வலுத்தது. இன்றும் நாங்கள் எஃகுக் கட்டடத்துக்குத் தீத்தடுப்புப் பூச்சு இல்லாமல் வரைபடம் கொடுப்பதில்லை.

சிகாகோவை உயரத் தள்ளியது இடநெருக்கடி என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. வணிக மையத்தின் ஒரு பக்கம் மிச்சிகன் ஏரி, இரண்டு பக்கம் ஆறு, தெற்கே ரயில் பாதைகள். பக்கவாட்டில் பரவ வழியில்லை, நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. தானியம், மாடு, மரம் என்று பாதி அமெரிக்காவின் வியாபாரம் அந்த ஊர் வழியாக நடந்தது. டெலிஃபோனும் டைப்ரைட்டரும் அப்போதுதான் வந்திருந்தன; எல்லா நிறுவனத்துக்கும் கணக்கர்களும் தட்டச்சர்களும் உட்கார இடம் வேண்டும், அதுவும் ஊர் நடுவில். ஒரு துண்டு நிலம் வாங்கியவர் அதையே பத்து முறை வாடகைக்கு விட நினைத்தார். இந்த வாக்கியத்தைச் சொன்னால் எட்டு வயதுக் குழந்தைக்குக்கூட விளங்குகிறது.

ஹோம் இன்ஷூரன்ஸ் கட்டடத்தை வடிவமைத்தவர் வில்லியம் லெ பாரன் ஜென்னி. பாரிஸில் படித்த பொறியாளர். ஈஃபல் கோபுரத்தின் ஈஃபல் படித்த அதே கல்லூரி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் படைக்குப் பாலமும் கோட்டையும் அமைத்தவர். வெளிச்சுவர்களுக்குள்ளேயே இரும்புத் தூண்களை வைத்து, மாடிகளின் சுமையோடு சுவர்களின் சுமையையும் அவற்றின் மேல் ஏற்றினார். மேல்மாடிகளில் எஃகு உத்தரங்கள் போட்டார். இதுதான் அந்தக் கட்டடத்தின் பெருமை. அவருடைய மனைவி கனமான புத்தகம் ஒன்றைப் பறவைக் கூண்டின் மேல் வைத்ததைப் பார்த்து அவருக்கு இந்த யோசனை வந்தது என்று ஒரு கதை உண்டு. கேட்க அழகாக இருக்கிறது; உண்மை என்று யாரும் நிரூபித்ததில்லை. “அப்படி ஒரு கதை சொல்வார்கள்” என்று சொல்லியே குழந்தைக்குச் சொல்லுங்கள். 1891இல் மேலும் இரண்டு மாடி ஏற்றினார்கள். 1931இல் அதைவிடப் பெரிய கட்டடத்துக்காக இடித்துவிட்டார்கள். இடிக்கும்போது ஒரு குழு உள்ளே சட்டகத்தைப் பரிசோதித்து, இதுதான் முதல் என்று அறிவித்தது. புத்தகங்களில் இருக்கிற வரி அங்கிருந்து வந்ததுதான்.

ஆனால் அந்தத் தீர்ப்பை எல்லா வரலாற்றாளரும் ஏற்கவில்லை, அதற்குக் காரணமும் இருக்கிறது. அந்தக் கட்டடம் முழுக்க முழுக்கச் சட்டகத்தில் நிற்கவில்லை. அடித்தளத்தில் கருங்கல் தூண்கள் சுமை தாங்கின, சில பக்கச் சுவர்கள் செங்கல்லிலேயே தாங்கின. பின்னோக்கிப் போனால், இங்கிலாந்தின் ஷ்ரூஸ்பரியில் 1797இலேயே ஓர் ஆளி நூற்பாலையை உள்ளே வார்ப்பிரும்புத் தூண், உத்தரம் வைத்து ஐந்து மாடிக்குக் கட்டியிருக்கிறார்கள். லிவர்பூலில் 1864இல் பீட்டர் எல்லிஸ் என்பவர் இரும்புச் சட்டகமும் பெரிய கண்ணாடி ஜன்னல்களுமாக ஒரு அலுவலகக் கட்டடம் கட்டினார். லிஃப்டைப் பார்த்தால் நியூயார்க்கின் ஈக்விடபிள்தான் முன்னோடி. எதை முக்கியம் என்று எடுக்கிறோமோ அதைப் பொறுத்து ‘முதல்’ மாறும். என்னைக் கேட்டால், ஒரே கட்டடத்துக்குப் பட்டம் கட்டாமல், 1870க்கும் 1890க்கும் இடையில் பலர் கைமாற்றிக் கைமாற்றி உருவாக்கியது என்றே சொல்வேன். தேர்வில் மட்டும் ஹோம் இன்ஷூரன்ஸ், சிகாகோ, 1885 என்று எழுதட்டும். மார்க் போய்விடக் கூடாது.

இனி ஒரு விஷயம், என் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது: காற்று. சின்னக் கட்டடத்துக்கு எடைதான் எதிரி. உயர்ந்து, ஒல்லியான கட்டடத்துக்குக் காற்று பக்கவாட்டில் தள்ளுவது அதைவிடப் பெரிய கவலை. 1889இல் நியூயார்க்கில் பிராட்ஃபர்ட் கில்பர்ட் என்ற கட்டடக் கலைஞர், 21 அடிச் சொச்சம் அகலமே உள்ள மனையில் 11 மாடி எழுப்பினார். இரண்டு பக்கமும் கனச் சுவர் வைத்தால் நடுவில் நடக்க வழிதான் மிஞ்சும் என்பதால் சட்டக முறையைப் பிடித்தார். தூண்களுக்கு நடுவே குறுக்கு மறுக்காகச் சட்டங்கள் போட்டு இறுக்கினார். ஊரே அது விழுந்துவிடும் என்றது. புயல் அடித்த ஒரு நாள் தானே உச்சிக்கு ஏறி, தூக்குக்குண்டு கட்டித் தொங்கவிட்டுப் பார்த்ததாகவும் கட்டடம் அசையவில்லை என்றும் கில்பர்ட் பிற்காலத்தில் சொன்னார். இது அவர் வாய்ச்சொல், அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் 1902இல் முடிந்த 22 மாடி ஃபிளாட்அயர்ன் கட்டடமும் சாய்ந்துவிடும் என்றார்கள். இன்றும் நிற்கிறது.

அதற்குப் பிறகு நியூயார்க் முந்திக்கொண்டது. 1890இல் ஒரு பத்திரிகை அலுவலகம் 309 அடிக்கு எழுந்து, அதுவரை ஊரிலேயே உயரமாக இருந்த டிரினிட்டி தேவாலயக் கூம்பைத் தாண்டியது. 1913இல் உல்வொர்த் கட்டடம் 792 அடி. ஐந்து, பத்து சென்ட் சாமான் விற்ற கடைக்காரர் கட்டியது. 1916இல் நகரம் ஒரு சட்டம் போட்டது: உயரப் போகப் போகக் கட்டடம் உள்வாங்க வேண்டும், தெருவுக்கு வெயிலும் காற்றும் வர வேண்டும். அந்தக் காலத்து நியூயார்க் கட்டடங்கள் படிப்படியாக ஒடுங்குவதற்கு இந்தச் சட்டம்தான் காரணம். படத்தைக் காட்டி இதைச் சொன்னால் குழந்தைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. எம்பயர் ஸ்டேட் கட்டும் வேலை 1930 மார்ச் 17இல் தொடங்கியது, 1931 மே 1இல் திறந்தார்கள். 102 மாடி, 1,250 அடி, சுமார் 410 நாள். ஆகவே ‘ஒரே வருஷம்’ என்பது கொஞ்சம்தான் மிகை. எப்படி முடிந்தது என்றால், எஃகுத் துண்டுகளை ஆலையிலேயே அளந்து வெட்டி, துளை போட்டு, எண் எழுதி அனுப்பினார்கள். மேலே போய்ப் பொருத்துவதுதான் மிச்சம். ஒவ்வொரு மாடியிலும் சின்னத் தண்டவாளம் போட்டுச் சாமான்களைத் தள்ளுவண்டியில் கொண்டுபோனார்கள். அது வேலையில்லாத் திண்டாட்டக் காலம். வேலைக்கு ஆள் கிடைக்காத கவலையே இல்லை. உச்சத்தில் ஒரே நாளில் 3,400 பேர் வேலை செய்தார்கள். நல்ல வேகத்தில் போன வாரங்களில் நான்கரை மாடி ஏறியது.

எஃகை எஃகோடு இணைத்தது ரிவிட் ஆணி. நான்கு பேர் கொண்ட கூட்டம் அதைச் செய்யும். ஒருவர் உலையில் ஆணியைச் சிவக்கக் காய்ச்சி இடுக்கியால் தூக்கி எறிவார். பல அடி தள்ளி உத்தரத்தின் மேல் நிற்கிறவர் அதைத் தகர டப்பாவில் பிடிப்பார். மூன்றாமவர் துளையில் செருகி ஒரு பக்கம் அழுத்திப் பிடிக்க, நான்காமவர் மறுபக்கம் காற்றுச் சுத்தியலால் அடித்துத் தலையைத் தட்டையாக்குவார். கனடாவின் கானவாகே பகுதியைச் சேர்ந்த மோஹாக் பழங்குடி மக்களில் பலர் இந்தத் தொழிலில் பேர் வாங்கியவர்கள். அவர்களுக்கு உயரமென்றால் பயமே இல்லை என்று சில குழந்தைப் புத்தகங்கள் எழுதுகின்றன; அப்படிச் சொல்லித் தராதீர்கள். எல்லோருக்கும் உள்ள பயம் அவர்களுக்கும் உண்டு என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள். 1907இல் கியூபெக் பாலம் கட்டும்போது இடிந்து 75 பேர் இறந்தார்கள், அதில் 33 பேர் அந்த ஒரே ஊர்க்காரர்கள். எம்பயர் ஸ்டேட்டில் இறந்தவர்கள் ஐந்து பேர் என்பது அதிகாரபூர்வக் கணக்கு.

உங்கள் மகளுக்குப் படம் காட்டப் போகிறீர்கள் என்றால் கடைசியாக ஒன்று. ஆகாயத்தில் ஓர் உத்தரத்தின் மேல் பதினொரு பேர் வரிசையாக உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிற கறுப்பு வெள்ளைப் படம் எங்கும் சுற்றுகிறது. அதை எம்பயர் ஸ்டேட் என்று போடுகிறார்கள், அது சரியல்ல. அது 1932 செப்டம்பரில் ராக்ஃபெல்லர் சென்டரில், கட்டடத்துக்கு விளம்பரம் தேட ஏற்பாடு செய்து எடுத்தது; உட்கார்ந்திருப்பவர்கள் நிஜத் தொழிலாளர்கள்தான். எம்பயர் ஸ்டேட் ஆட்களைப் பார்க்க லூயிஸ் ஹைன் எடுத்த படங்களைத் தேடுங்கள். அதற்குப் பல வருஷம் முன்பு நூற்பாலைகளிலும் சுரங்கங்களிலும் வேலை செய்த சிறுவர் சிறுமிகளைப் படமெடுத்து, அவர்களை வேலையிலிருந்து மீட்கப் போராடியவர் அவர். எம்பயர் ஸ்டேட்டைப் படமெடுக்க அவரே வயதான காலத்தில் உத்தரங்களின் மேல் ஏறினார்.